பொன் கடிகாரத்துக்குள் இரண்டு ஆட்கள்

வேலங்குறிச்சி ஜமீனில் கடிகாரம் ஒன்று, காவல்காரர்கள் மூன்று. மூவருக்கும் சேர்த்து மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கடிகாரம் பொன்னால் ஆனது, உள்ளங்கையில் அடங்குவது, சீமையிலிருந்து வந்தது. விளிம்பிலுள்ள பொத்தானை அழுத்தினால், முகப்பில் நிற்கும் இரண்டு பொன் பொம்மைகள் சுத்தியலை ஓங்கி, அப்போது மணி எத்தனையோ அத்தனை அடி அடிக்கும்.

மகள் கல்யாணத்தன்று காலை ஜமீன்தார் அதைக் காவல்காரர்களிடம் கொடுத்தார்.

"ஒன்பது மணிக்கு முகூர்த்தம். தவறினா சம்பந்தி மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாரு. உங்க வேலையும் போயிரும். அடிக்கடி அழுத்திப் பாருங்கலே. உள்ளே நிக்கிற ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது!"

மூன்றாவது முறை அழுத்தியதும் காவல்காரன் மொக்கையனுக்கு மனசு கேட்கவில்லை.

"விடிஞ்சதிலேருந்து உழைக்காங்க. பச்சத் தண்ணி குடிக்கலை."

"கல்யாண வீட்டுல பட்டினி போட்டா எசமானுக்குத்தாம்லே கெட்ட பேரு," என்றான் சடையன்.

"வாய் ரொம்பச் சின்னதா இருக்கே," என்று கவலைப்பட்டான் பூமாலை.

கூடி யோசித்தார்கள். அந்த வாய்க்குப் பாயசம்தான் சரி என்று முடிவாயிற்று. மூடியைத் திறந்து ஒரு கரண்டி ஊற்றினார்கள். பிறகு பொத்தானை அழுத்தினார்கள். சுத்தியல் அசையவில்லை.

"உண்ட மயக்கம்," என்றான் பூமாலை. "தட்டி எழுப்புவோமா?"

"விருந்தாளியைத் தட்டி எழுப்புறதா? எந்த ஊரு வழக்கம்லே இது?" என்றான் சடையன்.

"அப்போ ஒன்பது மணியை யாரு அடிக்கது?"



ஜமீன்தார் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தபோது, பித்தளை அண்டாவுக்கு இருபுறமும் மொக்கையனும் சடையனும் உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, உலக்கையை ஓங்கியபடி அசையாமல் நின்றார்கள்.

"மணி என்னலே? மாப்பிள்ளை மணையில உக்காந்தாச்சு!"

"அவங்க அசந்து தூங்குறாங்க எசமான். இவங்க ரெண்டு பேரும் மாத்தாளு. பொத்தானை அழுத்துங்க," என்று மொக்கையனின் தொப்புளைக் காட்டினான் பூமாலை.

வேறு வழி தெரியாமல் ஜமீன்தார் அழுத்தினார்.

டங்! டங்! அண்டா அதிர்ந்தது. பந்தலில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த புரோகிதர், ஒன்பதாவது அடியில் "கெட்டிமேளம்!" என்றார். தாலி ஏறியது. ஜமீன்தாருக்கு மூச்சு வந்தது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

"போதும், நிறுத்துங்கலே!" என்று கத்தினார் ஜமீன்தார்.

"நிறுத்தத்தான் பாக்கோம் எசமான்," என்றான் மொக்கையன், உலக்கையை மறுபடி ஓங்கிக்கொண்டே. "இப்ப மணி என்னன்னு மட்டும் சொல்லுங்க. அதோட நிறுத்திருதோம்."