தும்பியைக் கூப்பிடு

வந்தவர்கள் எல்லாரும் வசதியாக உட்காருங்கள். பாக்கு மெல்லுகிறவர்கள் மென்றுகொண்டே கேட்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நடுவில் தூங்குகிறவர்களை மட்டும் நான் எழுப்பமாட்டேன், நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஏரிக்கு ஒரு ராஜா, ஆற்றுக்கு ஒரு ராணி என்று நாடு துண்டு துண்டாகக் கிடந்த காலம் அது. பேரேரி நாட்டை ஆண்ட ராஜாவுக்குச் சடுகுடு என்றால் உயிர். சோறு கூட இரண்டாம் பட்சம்தான்.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் ஏரிக்கரைக் களத்தில் திருவிழா நடக்கும். ஊருக்கு ஏழு பேர் வந்து ஆடுவார்கள். ஆடுகிற ஊர்களின் கொடிகள் எல்லாம் களத்தைச் சுற்றிப் பறக்கும். கொடி பறக்கிற ஊருக்குத்தான் பேரேரியில் மடை திறக்கும். தொடர்ந்து நான்கு திருவிழாவில் தோற்ற ஊரின் கொடி இறங்கும், மடையும் மூடும். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து ராஜாக்களிடம் போய் யார் கேட்பது?

ஆட்டத்தின் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் மூச்சு விடாமல் சடுகுடு பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போவான். எதிரியைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பினால் தொடப்பட்டவன் செத்தான். பிடிபட்டு மூச்சை விட்டால் பாடிப் போனவனே செத்தான். செத்தவன் கோட்டுக்கு வெளியே போய் உட்காரவேண்டும். எதிரியில் ஒருவன் செத்தால், நம்மில் செத்தவர்களில் ஒருவனுக்கு உயிர் வரும். யாருக்கு உயிர் என்று நம் ஆளே முடிவு செய்து பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அந்த நாட்டில் மணற்குடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க் களத்துக்குத் தலைவன் அழிசி. நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரன். அவனிடம் ஏழு வீரர்கள் இருந்தார்கள். அடேயப்பா, அந்த ஏழு பேரும் களத்தில் இறங்கினால் புழுதி அடங்கப் பொழுது சாயும்! அவர்களை விட்டால் வேறு யாரையும் அழிசி களத்தில் கால் வைக்கவிட மாட்டான்.

"ஏழு பேர் ஆடுற இடத்துல எட்டாவது ஆளுக்கு என்ன வேலை? போங்கடா, மாடு மேய்க்கப் போங்க" என்று சின்னப் பயல்களை விரட்டிவிடுவான்.

பக்கத்தில் ஏழ்மதிலூர் என்று பணக்கார ஊர். அதன் அதிபதி ஒரு நாள் பட்டும் குதிரையுமாக வந்தான். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு குதிரை, ஆளுக்கொரு வீடு. ஒரே வாரத்தில் ஏழு பேரும் போய்விட்டார்கள். அழிசி களத்தின் நடுவில் நின்று பார்த்தான். கூப்பிட ஒரு பெயர் இல்லை.

"நாமளும் வாங்குவோம்" என்றான்.

வாங்கினான். எருமைக் கடாவைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவன் ஒருவன், மானை ஓடிப் பிடிக்கிறவன் ஒருவன், ஆட்டுக்கல்லை ஒரு கையால் தூக்குகிறவன் ஒருவன் என்று மூன்று மாவீரர்கள் வந்தார்கள். மீதி நான்கு இடத்துக்கு வயலில் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். எருமை பிடிக்கிறவனுக்குத் தானே முன்னால் போகவேண்டும் என்ற பிடிவாதம். ஓடுகிறவனுக்கும் அப்படியே. கல் தூக்குகிறவன் யார் சொன்னாலும் கேட்பதில்லை. திருவிழாவில் மணற்குடி தோற்றது. மூன்று மாவீரர்களும் கூலியை வாங்கிக்கொண்டு அவரவர் வழியே நடையைக் கட்டினார்கள்.

அன்று அழிசிக்குச் சோறு இறங்கவில்லை. மடை மூடினால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி நங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊர்ல ஆளே இல்லைன்னு புலம்புறீங்களே, ஆத்துப் பக்கம் போய்ப் பாத்தீங்களா? நீங்க விரட்டிவிட்ட பயலுக எல்லாம் அங்கதான் கிடக்குறானுக."

மறுநாள் அழிசி வறண்ட ஆற்றுக்குப் போனான். மணலில் கோடு கிழித்துப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்று பார்த்தவன் உட்கார்ந்துவிட்டான். என்ன வேகம், என்ன மூச்சு! விரட்டப்பட்ட பையன்களா இவர்கள் என்று அவன் வாயைப் பிளந்தான்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. உயிர் வரும்போதெல்லாம் பையன்களின் தலைவன் எயினன் ஒரே பெயரைத்தான் கூப்பிட்டான். "தும்பி, வாடா!"

தும்பி என்பவன் எலும்பும் தோலுமாக இருந்தான். வருவான், சாவான். மறுபடி வருவான், மறுபடி சாவான். வெளியே காரி என்று ஒருவன், காளைக் கன்று மாதிரி வாட்டசாட்டமாக உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

அழிசிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, நல்லா ஆடுறவனை விட்டுட்டு இந்த நோஞ்சானை எதுக்குடா கூப்பிடுறே?"

எயினன் அவனை வேடிக்கையாகப் பார்த்தான். "மாமா, காரிக்குத்தான் ஆடத் தெரியுமே. இவனுக்குத்தானே தெரியாது. வெளியவே உக்காந்திருந்தா எப்பக் கத்துக்குவான்? யாரு ரொம்ப மோசமோ அவனைத்தான் முதல்ல கூப்பிடணும். எங்க மணல்ல அதுதான் சட்டம்."

இப்படியும் ஒரு சட்டமா என்று அழிசி தலையைச் சொறிந்தான். இருந்தாலும் வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பையன்களை ஊர்க் களத்துக்கு அழைத்து வந்தான்.

இரண்டாம் திருவிழாவில் மணற்குடிப் பையன்கள் ஆடினார்கள். ஏழ்மதிலூர் அவர்களைத் துடைத்துப் போட்டது. ஊரே அழிசியைத் திட்டியது. "பால்குடி மறக்காததுகளைக் கூட்டிட்டுப் போய் மானத்தை வாங்கிட்டியே!" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். பையன்கள் மட்டும் மறுநாள் காலையிலேயே மணலில் கோடு கிழித்துவிட்டார்கள்.

மூன்றாம் திருவிழா வந்தது. பையன்கள் வளர்ந்திருந்தார்கள். ஆட்டம் கயிறு இழுத்தாற்போல நின்றது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர்தான் மிச்சம். எயினன் ஒருவனைத் தொட்டான். மணற்குடிக்கு ஓர் உயிர் வந்தது. எயினன் வாயைத் திறந்தான். அதற்குள் கரையில் நின்ற அழிசி கத்தினான்.

"காரியைக் கூப்பிடு! காரியை!"

தலைவன் சொல்லைத் தட்டக்கூடாது. எயினன் காரியைக் கூப்பிட்டான். பாவம் காரி. ஏழு பேரோடு நின்று ஆடினால் அவன் சிங்கம். சாகிற ஆட்டத்துக்குள் திரும்பி வந்து ஆடி அவனுக்குப் பழக்கமே இல்லை. பதறிக்கொண்டு பாடிப் போனான், பிடிபட்டான். அதோடு ஆட்டம் கைவிட்டுப் போனது.

திரும்புகிற வழியில் எயினன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, மணல்ல ஒரு மாதிரி ஆடுறோம். இங்க வந்தா வேற மாதிரி ஆடச் சொல்றீங்க."

அழிசிக்குச் சுருக்கென்றது. அந்த ஓராண்டு முழுவதும் அவன் ஆற்றங்கரையில்தான் கிடந்தான். வாயைத் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான்காம் திருவிழாவும் வந்தது. இதில் தோற்றால் கொடி இறங்கும். ராஜாவின் ஆள் கொடிக்கம்பத்தின் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராகவே நின்றான். மணற்குடி ஊரே வந்திருந்தது. கைக்குழந்தைகளைக் கூடத் தூக்கி வந்திருந்தார்கள். எதிரில் ஏழ்மதிலூர். அதில் ஆடியவர்கள் யார்? மணற்குடியை விட்டுப் போன அதே ஏழு பேர்.

ஆட்டம் தொடங்கிற்று. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பழைய சிங்கங்கள் ஒவ்வொன்றாய் வேட்டையாடின. ஒரு பையன் செத்தான், இன்னொருவன் செத்தான், காரியும் செத்தான். ஆறு பேரும் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே எயினன் ஒருவன், எதிரில் ஏழு பேரும் முழுசாக. கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தவன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

எயினன் பாடிப் போனான். ஓரத்தில் நின்ற ஒருவனின் முழங்கையை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். ஓர் உயிர் வந்தது.

"காரி! காரி!" என்று மணற்குடி ஊரே கத்தியது.

அழிசியின் நாக்கு நுனியிலும் அதே பெயர்தான் நின்றது. அவன் கத்தினால் எயினன் கேட்பான். கேட்டே ஆகவேண்டும். கொடியைப் பார்த்தான், காரியைப் பார்த்தான், எயினனைப் பார்த்தான். எயினனும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழிசி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டித் தன் வாயிலேயே திணித்துக்கொண்டான்.

எயினன் சிரித்தான். "தும்பி, வாடா!"

ஏழ்மதிலூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் பாடி வந்து, யாரையும் தொடாமல், சும்மா பயமுறுத்திவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்துத் தும்பி பாடிக்கொண்டு போனான்.

இனிமேல் நடந்ததைப் பார்த்தவர்கள் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஒருவன் தும்பியின் கணுக்காலைப் பிடித்தான். எத்தனை ஆயிரம் தடவை பிடிபட்ட கணுக்கால் அது! அந்தப் பிடி எந்தப் பக்கம் நெகிழும் என்று தும்பிக்குத் தெரியும். காலைத் திருகினான், கழன்றது. இன்னொருவன் இடுப்பைக் கட்டினான். அதுவும் தும்பிக்குப் பழைய கட்டு. குனிந்தான், வழுக்கினான். மூன்றாமவன் மேலே பாய்ந்து தோளை அமுக்கினான். ஊர் மூச்சைப் பிடித்தது. தும்பியின் மூச்சு மட்டும் நிற்கவில்லை. சடுகுடு சடுகுடு என்று அந்த மெல்லிய குரல் மூன்று மலைபோன்ற உடம்புகளுக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கை வெளியே வந்தது. அந்தக் கை மணலைப் பிறாண்டிப் பிறாண்டி நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது.

அவனைப் பிடித்த மூன்று பேரும் செத்தார்கள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. நங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது மணற்குடிக்கு மூன்று உயிர்கள். எயினன் வெளியே உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் பார்த்தான். மணல் சட்டப்படி, ரொம்ப மோசமானவனை முதலில் கூப்பிடவேண்டும். இடமிருந்து வலம் பார்த்தான். வலமிருந்து இடம் பார்த்தான். முழித்தான்.

ஐந்து பேரில் மோசமானவன் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை!

"அட, யாராச்சும் மூணு பேர் வாங்கடா!" என்றான்.

அழிசி வாயிலிருந்த துண்டை எடுத்தான். இத்தனை ஆண்டு ஆற்றுமணலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாக விளங்கிற்று. மிச்சம் இருந்த ஆட்டத்தை அவன் பார்க்கவே இல்லை, கண்ணீர் மறைத்தது. மணற்குடி வென்றது. கொடிக்கயிற்றில் மறுபடி முடிச்சு விழுந்தது.

அன்று மாலையே ஏழ்மதிலூர் அதிபதி மணற்குடிக்கு வந்துவிட்டான். பட்டு, குதிரை, எல்லாம் பழையபடியே. அவன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அழிசி, உன் ஆட்களில் சிறந்தவன் யார்? அவனை எனக்குக் கொடு."

அழிசி ஏழு பேரையும் பார்த்தான். எயினனா? தும்பியா? காரியா? யோசித்து யோசித்துப் பார்த்தான்.

"தெரியலீங்களே" என்றான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

அதிபதி எயினனைக் கேட்டான். "நீயாவது சொல்."

"மோசமானவன் யாருன்னே இன்னைக்கு எனக்குக் கண்டுபிடிக்க முடியலீங்க. சிறந்தவனை எங்கே போய்த் தேடுறது?"

அதிபதிக்குக் கோபம் வந்தது. "சரி, ஏழு பேரையும் நானே எடுத்துக்கொள்கிறேன். அப்போது என்ன செய்வாய்?"

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி அழிசியின் குலையை நடுங்க வைத்திருக்கும். இப்போது அவன் ஆற்றுப் பக்கம் திரும்பினான். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

மணலில் இவர்களைவிடச் சின்னப் பையன்கள் கோடு கிழித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மூக்கு ஒழுகுகிற ஒரு பொடியன் இப்போதுதான் நாலாவது தடவையாகச் செத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் உள்ளேயிருந்து அவன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். பொடியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடினான்.

அதிபதி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரையும் எதுவும் கேட்காமல் குதிரைகளைத் திருப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

மணற்குடியின் மடை அதற்குப் பிறகு மூடியதாக நான் கேள்விப்படவில்லை. இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: வீரர்களை விலைக்கு வாங்குகிற ஊருக்கு அல்ல, தோற்கிற பிள்ளையை மறுபடி மறுபடி களத்துக்குள் கூப்பிடுகிற ஊருக்குத்தான் வீரர்கள் என்றைக்கும் தீரமாட்டார்கள்.