ஆமையை ஜப்தி செய்த அமீனா

ஏழுசுனைக் காட்டில் ஓர் ஆமை குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தது. குளத்துக்குப் போக ராஜபாதையைத் தாண்ட வேண்டும். ராஜபாதையில் யாரும் நிற்கக் கூடாது என்பது சிங்கராஜாவின் சட்டம். நிற்பவர்களுக்குத் தண்டம் போட ஒரு கொக்கை நியமித்திருந்தார்கள். அந்தக் கொக்கு மட்டும் நாள் முழுக்க அதே பாதையில்தான் நின்றது. அதற்குச் சம்பளம் உண்டு. போடுகிற தண்டத்தில் பங்கும் உண்டு.

ஆமை நடுப்பாதைக்கு வந்தது.

"ஏய்! ஏன் வழியில நிக்கிறே?" என்று கத்தியது கொக்கு.

"நிக்கலையே சாமி! நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"நான் பார்த்தப்ப நின்னே!"

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க, நடக்கிறது தெரியும்!"

"உன்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையா?" என்றது கொக்கு. உண்மையில் அதற்கு வேறு வேலை கிடையாது. "தண்டம் ஒரு தாமரைக் கிழங்கு! பௌர்ணமிக்குள்ள கட்டு!"

ஒரு கிழங்கு ஆமைக்குப் பெரிய விஷயமில்லை. குளத்தில் ஒரு முங்கு முங்கினால் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு ரோஷம் வந்துவிட்டது.

"கட்டினா நின்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு, ராஜாவிடம் புகார் சொல்லப் புறப்பட்டது.

நடந்தது. நடந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே பௌர்ணமி வந்து போய்விட்டது. அரண்மனைக் குகையின் வாசலில் காவலுக்கு இருந்த நரி சிரித்தது.

"கெடு முடிஞ்சு போச்சு! புகார் சொல்றதுன்னா சீக்கிரம் வந்திருக்கணும்!"

"சீக்கிரம் வர முடிஞ்சா நான் ஏன்யா இந்தத் தண்டத்துல மாட்டுறேன்?" என்றது ஆமை.

நரி வாசலை விட்டு நகரவில்லை. ஆமை திரும்பி வந்தது. அது தான் குடியிருந்த புதருக்கு வந்து சேருவதற்குள் அமீனா அங்கே வந்து காத்திருந்தது.

அமீனா ஒரு கழுதைப்புலி. தண்டம் கட்டாதவர்களின் சொத்தைப் பிடுங்கி வருவது அதன் உத்தியோகம். கூடவே தண்டோரா போட ஒரு குரங்கு. குரங்கு பறையைத் தட்டியது.

"ராஜாவுக்குத் தண்டம் கட்டாத ஆமையோட சொத்து ஜப்தி! டும் டும்! எல்லாரும் வந்து வேடிக்கை பாருங்க!"

தவளைகள் வந்தன. முயல்கள் வந்தன. ஒரு வேலையும் இல்லாத அணில்கள் எல்லாருக்கும் முன்னால் வந்தன.

"பத்துக் கிழங்கு எடு!" என்றது அமீனா.

"ஒண்ணுதானே?"

"தண்டம் ஒண்ணு. தாமதத்துக்கு மூணு. நான் நடந்து வந்த கூலி நாலு. குரங்குக்குத் தண்டோராக் கூலி ரெண்டு."

"என் மானத்தை வாங்குறதுக்கு நானே கூலி குடுக்கணுமா?"

"பின்னே? மானம் உன்னுதுதானே!"

ஆமை கொடுக்க மறுத்தது. அமீனா புதரை விலக்கிப் பார்த்தது. பண்டமும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஒரு காய்ந்த இலை கிடந்தது. அதுவும் காற்றில் வந்தது.

"உன் வீடு எங்கே?"

"முதுகுல இருக்கு."

அமீனாவின் கண் மின்னியது. "அப்ப வீட்டை ஜப்தி பண்றேன். வெளியே வா!"

ஓட்டை விட்டு வெளியே வந்தால் ஆமைக்கு உயிர் ஏது? தலையையும் கால்களையும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அமீனா பிடித்து இழுக்கக் கையை விட்டது.

"அமீனா ஐயா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உத்தரவுல சொத்துன்னு இருக்கா, ஆளுன்னு இருக்கா?"

"சொத்துன்னுதான் இருக்கு."

"அப்ப என் மேல கை வைக்காதீங்க. சொத்தை எடுத்துக்கிட்டுப் போங்க!"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அமீனா கையை எடுத்தது. ஆலம்பாலைத் தடவி, ராஜாவின் நகக்கீறல் போட்ட தேக்கிலையை ஓட்டின் மேல் ஒட்டியது. அதுதான் முத்திரை. பிறகு குரங்கும் அதுவும் சேர்ந்து ஓட்டை உருட்டிக்கொண்டு போயின.

வழியில் அமீனா குரங்கிடம் சொன்னது: "நாளைக்கு ஏலத்துல என் மச்சான் ஒரே ஒரு கிழங்குக்கு எடுத்துக்குவான். ராத்திரி குகையில வச்சுக் கடிச்சு உடைச்சான்னா யாருக்குத் தெரியப் போவுது? எனக்கு ஒரு கால் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

ஓட்டுக்குள் இருந்தால் காது கேட்காது என்று எந்த முட்டாள் அதற்குச் சொன்னானோ! ஆமை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. இரவு முழுக்க யோசித்தது.

மறுநாள் ஆலமரத்தடியில் ஏலம். காடே கூடிவிட்டது.

"ஜப்தி வீடு! ஒழுகாது! இடியாது! யார் கேக்கிறீங்க?" என்று கூவியது அமீனா.

முள்ளம்பன்றி முன்னால் வந்தது. "ரெண்டு கிழங்கு!"

"வாங்க, வாங்க!" என்றது ஓடு.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. "உள்ளே ஆள் இருக்கா?"

"இருக்கேன். பொறந்ததுலேருந்து இங்கேதான் இருக்கேன்."

"எப்பக் காலி பண்ணுவீங்க?"

"அப்படி ஒரு உத்தேசமே இல்லை."

முள்ளம்பன்றி அமீனாவைப் பார்த்தது. "நீங்க காலி பண்ணிக் குடுப்பீங்களா?"

"அது எடுத்தவங்க பாடு!"

"அய்யய்யோ, வேணாம்ப்பா! என் தம்பி இப்படித்தான் முயல் குடியிருந்த வளையை வாங்கினான். முயல் இன்னும் உள்ளே குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. தம்பி வெளியே மழையில நிக்கிறான்!"

கூட்டம் சிரித்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அமீனாவின் மச்சான் எச்சிலைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. அதுவும் ஒரு கழுதைப்புலிதான். பல்லைப் பார்த்தாலே பயம் வரும்.

"ஒரு கிழங்கு!"

"ரொம்ப சந்தோஷம்!" என்று ஆமை தலையை நீட்டியது. "கொக்கு ஐயா இருக்காரா? ஐயா, இனிமே இந்த ஓடு இவருது. நான் தினமும் தண்ணி குடிக்க ராஜபாதையைத் தாண்டிப் போவேன். என் நடை உங்களுக்குத் தெரியும். தண்டத்தை யாருக்குப் போடுவீங்க?"

ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்த கொக்கு விழித்துக்கொண்டது. "வழியை அடைக்கிறது ஓடுதானே? ஓடு யாருதோ அவருக்குத்தான்!"

"தினமுமா?" என்று கேட்டது மச்சான்.

"தினமும்! போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு!" கொக்குக்குச் சந்தோஷத்தில் இறக்கை படபடத்தது.

"ஒரு நாள் நான் வரலைன்னா?" என்று கேட்டது ஆமை.

"வீடு தேடி வந்து பார்ப்பேன்! கடிச்ச தடம் ஏதாவது இருந்தா ராஜாகிட்டச் சொல்லுவேன்! இப்படி ஒரு வரும்படியை எவனாவது விடுவானா?"

மச்சானின் எச்சில் வற்றிப்போனது. "எனக்கு வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடியது.

ஏலம் போகவில்லை. அப்போது குரங்கு எழுந்து சட்டத்தை உரக்கச் சொன்னது. "ஏலம் போகாத ஜப்திச் சொத்தை அமீனா தன் வீட்டுல வச்சுக் காப்பாத்தணும்! உயிருள்ள சொத்துன்னா தீனியும் போடணும்! முத்திரை வச்ச சொத்துல கீறல் விழுந்தா அமீனாவோட தோலை உரிக்கணும்!" போன ஜப்தியின் தண்டோராக் கூலியை அமீனா இன்னும் குரங்குக்குக் கொடுக்கவில்லை.

ஆமையை உருட்டிக்கொண்டு அமீனா தன் குகைக்குள் நுழைந்தது. பெண்டாட்டி அலறினாள்.

"என்னங்க இது! ஆமையையா வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க? குடும்பம் விளங்குமா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றது ஆமை. "இவரு என் வீட்டுக்கு வந்த பிறகு நான் மட்டும் விளங்கிட்டேனா?"

அன்றிலிருந்து அமீனா விடியற்காலையில் புல் பறிக்கப் போனது. கழுதைப்புலி புல் பறிப்பதைப் பார்த்து மான்கள் வயிறு வலிக்கச் சிரித்தன. ஆமை வேளாவேளைக்குத் தின்றது. தினமும் ராஜபாதையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. ஓடு இப்போது அமீனாவின் பொறுப்பு என்று கொக்கு தினமும் அதன் பேரில் தண்டம் எழுதியது.

அமீனாவுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். குளத்தில் இறங்கிக் கிழங்கு எடுக்க அதனால் முடியாது. தண்டம் ஏறிக்கொண்டே போனது. அடுத்த பௌர்ணமியும் கழிந்தது. அமீனாவின் சொத்தை ஜப்தி செய்யும்படி ராஜாவின் உத்தரவு வந்தது.

காட்டில் இருந்ததோ ஒரே ஒரு அமீனா.

குரங்கு குகை வாசலில் நின்று பறை தட்டியது. "தண்டம் கட்டாத அமீனாவோட சொத்து ஜப்தி! எல்லாரும் வந்து வேடிக்கை பாருங்க!"

அமீனா குகைக்கு வெளியே வந்து நின்றது. தன் குகையைப் பார்த்தது. "வீட்டுல யாரு?" என்று அதிகாரமாகக் கேட்டது.

"நீங்கதான் சொல்லணும்!" என்று பெண்டாட்டி ஒரு எலும்பை எடுத்து வீசினாள். "நடைக்கூலி வேற எழுதப் போறீங்களா?"

"நடைக்கூலி வேணாம்" என்றது அமீனா மெதுவாக. "வீட்டுலேருந்துதான் வந்தேன்."

"என் கூலி ரெண்டு கிழங்கு வேணும்!" என்றது குரங்கு. "பழைய பாக்கியும் வேணும்!"

அமீனா ஆமையின் முன்னால் விழுந்தது. "புண்ணியமாப் போகும், கிளம்பிடு!"

"எப்படிக் கிளம்புறது? பத்துக் கிழங்கு பாக்கி இருக்கே. கட்டினாத்தானே முத்திரையை எடுப்பீங்க?"

"நானே கட்டித் தொலைக்கிறேன்!"

அமீனா நடுங்கிக்கொண்டே குளத்தில் இறங்கியது. மூக்குவரை சேறு. இரண்டு காதிலும் அட்டை. ஆமை கரையில் உட்கார்ந்து வழி சொன்னது. "இன்னும் கொஞ்சம் ஆழத்துல பாருங்க ஐயா! அங்கே இல்ல, இடது பக்கம்!"

ஆமையின் பத்துக் கிழங்கையும் அமீனாதான் எடுத்துக் கட்டியது. தன் பேரில் இருந்த தண்டத்தைக் கட்டி முடிக்க அது மாதக்கணக்கில் சேற்றில் கிடந்தது. ஆனால் பத்துக் கிழங்கைக் கட்டிய அன்றே, ஓட்டில் ஒட்டியிருந்த தேக்கிலையைத் தன் பல்லாலேயே உரித்து எடுத்தது. ஆமை தன் வீட்டோடு தன் புதருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகும் கொக்கு ஆமையின் பேரில் தண்டம் எழுதாமல் இல்லை. அந்த ஜப்தி உத்தரவுகளையெல்லாம் அமீனா கையில் வாங்கும், சுற்றும் முற்றும் பார்க்கும், மென்று விழுங்கிவிடும்.

செய்யாத குற்றத்துக்கு ஒருவனிடம் தண்டம் பிடுங்கப் போகிறவன், கடைசியில் அதைத் தன் கையாலேயே தோண்டி எடுத்துக் கட்ட வேண்டிவரும்.