நடுவில் ஒரு தகடு

ஆராய்ச்சிக்கூடத்து டைரக்டர் வைகுந்தநாதன் உலை ஊழியர்களிடம் நேராகப் பேசமாட்டார். மூன்றடி தள்ளி நின்றாலும் பி.ஏ. சபேசன் வழியாகத்தான் பேச்சு.

"ரெண்டு பீங்கான் துண்டை ஒட்டுறதுக்கு நடுவுல எதுக்குய்யா நிக்கல் தகடு? அது இல்லாம நேரா ஒட்டச் சொல்லு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லு."

சபேசன் சொன்னார்.

உலையைப் பார்த்துக்கொள்ளும் மாடத்தி கையுறையைக் கழற்றினாள். "சபேசண்ணே, ரெண்டும் விறைப்பா நிக்கிற ஜாதி, நேரா ஒட்டாது. நடுவுல ஒண்ணு உருகிக் கொடுக்கணும். ஐயா உங்களை விட்டுட்டு எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசட்டும், நானும் தகட்டை எடுத்துடுறேன்."

சபேசன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வைகுந்தநாதன் மாடத்தியைப் பார்த்து வாயைத் திறந்தார். மூடினார். சபேசன் பக்கம் திரும்பினார்.

"தகடு இருக்கட்டும்னு சொல்லு."

சபேசன் சொன்னார்.