ஈரத்திரை

"அந்தத் திரை யாருக்குச் சேரணும், அம்மா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

குகையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈப்போ நகருக்கு வெளியே ஒரு சுண்ணாம்பு மலைக் குகையில் இருந்தாள் அவள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பத்துப் பெண். எப்படித் துறவியானாள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. சின்ன வயதில் ரப்பர்த் தகடு உருட்டும் மெஷினில் சிக்கி அவளுடைய வலது கை விரல்கள் போய்விட்டன. அவள் சாப்பிடுவது இடது கையில்தான், திருநீறு கொடுப்பதும் இடது கையில்தான்.

முதன்முதலில் வந்தபோது அந்தக் கையிலிருந்து திருநீறு வாங்கத் தாண்டவராயனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவரைவிட அவள் வயதில் சின்னவள் வேறு. பிறகு எல்லாம் பழகிவிட்டது. மனசு சரியில்லை என்றால் அவருடைய கார் இந்த மலையடிவாரத்தில்தான் வந்து நிற்கும்.

இப்போது மனசு சரியில்லாமல் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"எந்தத் திரை?" என்றாள் குகையம்மா.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர்கள் மூன்று பேர். தாண்டவராயன், தம்பி வைத்திலிங்கம், தங்கை செங்கமலம். அப்பா அம்மா இல்லை. கையில் இருந்தது, கையால் சுற்றிப் படம் காட்டும் ஒரு பழைய மெஷின். அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பிக் கடல் தாண்டினார்களே, அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது.

அந்த நாளில் படம் பேசாது. மாட்டு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டுத் திரையைக் கட்டுவார்கள். மெஷினைச் சுற்றுவது அண்ணன். வாசலில் தமுக்கடித்துக் கூட்டம் சேர்ப்பது தம்பி. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராசாவுக்கும் ராணிக்கும், வேண்டியிருந்தால் குதிரைக்கும் குரல் கொடுப்பது தங்கை.

அப்புறம் சொந்தமாகவே ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் யாரும் அதுவரை துணியாத வேலை அது. நாட்டை இழந்து காட்டில் அலையும் ஒரு ராசாவின் கதை. நடிகருக்குக் கொடுக்க வக்கில்லாததால் வைத்திலிங்கமே ராசா ஆனார். படம் பிடித்தவர் தாண்டவராயன்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. கொட்டகைகள் எழுந்தன. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் சொந்த ஊர்ப் பெயரில் 'வேதாரண்யம் பிரதர்ஸ்' என்று பலகை மாட்டினார்கள். படமே பேசும்போது பின்னால் ஒருத்தி எதற்கு? செங்கமலம் பழைய வீட்டோடு இருந்துவிட்டாள்.

சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. யார் இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை என்கிற இடத்தில் வந்து நின்றது. பேச்சு முறிந்தது. வக்கீல் வந்தார். ஈப்போ அண்ணனுக்கு, தைப்பிங் தம்பிக்கு என்று முடிவாயிற்று. செங்கமலத்துக்கு வீடும் மாதச் செலவும். அதைச் சேர்க்கச் சொன்னது தாண்டவராயன்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எல்லாம் பிரிந்தது. அந்த முதல் திரை மட்டும் பிரியவில்லை.

அது வெறும் காடாத்துணி. கப்பலில் வரும்போதே செங்கமலம் கையால் தைத்தது. கப்பல் ஆடியதில் தையல் கோணல்மாணலாகப் போயிருக்கும். அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தன் கொட்டகை வாசலில் வைக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. தம்பிக்கும் அதே ஆசை. பாதியாகக் கிழித்துக்கொள்ளலாமே என்று வக்கீல் சொன்னதற்கு இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். பல மாதங்களில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. அது ஆனபிறகு அண்ணன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று வைத்திலிங்கம் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். கப்பலில் காய்ச்சல் கண்ட தம்பியை மடியில் போட்டுக்கொண்டே பினாங்கு வரை வந்தவர் தாண்டவராயன்.

"மெஷின் என்னுது. அப்ப திரையும் எனக்குத்தானே?" என்று முடித்தார்.

குகையம்மா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள்.

"நேத்து சின்ன முதலாளியும் இதத்தான் கேட்டாரு."

"அவன் இங்க வந்தானா?"

"வந்தாரு. மாம்பழம் கொண்டாந்தாரு."

தாண்டவராயன் தான் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என்ன சொன்னான்?"

"கூட்டம் சேத்தவரு அவராம். கூட்டம் பாத்த திரை அவருக்குத்தானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்குச் சொல்லப்போறததான் சொன்னேன். திரையக் கொண்டாங்க. கீழ மைதானத்துல கட்டி, உங்க ராசா படத்த ஒருவாட்டி ஓட்டுங்க. பாத்துட்டுப் பேசலாம்."

கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரை செங்கமலத்தின் பெட்டியில் இருந்தது. அவளிடம் இருந்து அதை வாங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதாக அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். உனக்கு வேண்டாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் மூங்கில் நட்டுத் திரை கட்டியாயிற்று. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் பாயும் பிள்ளையுமாக வந்து சேர்ந்தார்கள்.

தாண்டவராயன் பழக்கதோஷத்தில் மெஷினிடம் போனார். குகையம்மா குறுக்கே வந்தாள்.

"மெஷின உங்க ஆள் யாராவது சுத்தட்டும்."

சரி என்று முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலிக்குப் போனார்.

"அங்க இல்ல முதலாளி. வாங்க."

அவள் அவரைத் திரைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் கூட்டம் இருந்தது, தரையில். அந்தக் காலத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் முன்பக்கம் உட்காருவார்கள். எடுக்க முடியாதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அது தாண்டவராயனுக்குத் தெரியாதது இல்லை. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர்தான் அனுமதித்தார். ஆனால் இந்தப் பக்கம் அவர் ஒருநாளும் வந்து உட்கார்ந்ததில்லை. மெஷினின் கைப்பிடியை விட்டு எங்கே நகர்வது?

பாயில் ஒரு ஓரத்தில் வைத்திலிங்கம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே மரியாதைதான் நடந்திருக்கிறது. தாண்டவராயன் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் செங்கமலத்தின் இடம் காலியாக இருந்தது.

அவள் தண்ணீர் வாளியோடு திரையருகே நின்றாள். சொம்பில் மொண்டு துணியின் மேல் வீசி வீசி நனைத்தாள். பழைய வழக்கம். தாண்டவராயன் இதற்காக அவளை எத்தனையோ தடவை கோபித்திருக்கிறார். குடிக்கிற தண்ணீரையே வெகுதூரம் போய்ச் சுமந்து வரவேண்டிய இடங்களில்கூட அவள் வாளி வாளியாகத் துணிக்கு ஊற்றுவாள். கேட்டால், சுருக்கம் விழாமல் இருக்கும் அண்ணே என்பாள். அவரும் நம்பினார். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, சுருக்கம் விழாமல் இருக்கத் திரையை நனைப்போம் என்று விவரமாகவே விளக்கியிருக்கிறார்.

செங்கமலம் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மெஷின் கடகடத்தது.

ராசா வந்தார்.

வைத்திலிங்கத்துக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மையில் வரைந்த மீசை. ஒட்டிய வயிறு. தலையில் அட்டைக் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிகிறது. அது சரியும்போதெல்லாம் தாண்டவராயன் படம் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டிச் சைகை காட்டுவார். ராசா கவலையோடு கேமராவைப் பார்ப்பார், அண்ணன் தலையாட்டுகிறாரா என்று. இப்போதும் பார்த்தார். தாண்டவராயனுக்குக் கண்ணில் நீர் திரண்டது. துடைத்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறதே.

செங்கமலம் பேச ஆரம்பித்தாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனால் ராசா பேசும்போது ராசாவாகத்தான் இருந்தாள்.

பின்பக்கம் என்பதால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. கோட்டை வாசல் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. குதிரை எதிர்ப்பக்கமிருந்து வந்தது. தன் படம்தானா என்று தாண்டவராயனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பசியோடு அலைந்த ராசா காட்டுக் குடிசைக்கு வந்தார். குடிசைக்காரி இலை போட்டுச் சோறு வைத்தாள். ராசா உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார்.

தாண்டவராயன் திடுக்கிட்டார்.

"என்னடா இது, இடது கையில சாப்பிடுறான்?"

வாய்விட்டே கேட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போது செங்கமலம் குடிசைக்காரியின் குரலில் சொன்னாள்:

"பசிக்கு எந்தக் கையா இருந்தா என்ன, ராசா? சாப்பிடுங்க."

தாண்டவராயனுக்கு அந்த வரி நன்றாக நினைவிருந்தது. கதையில் இல்லாத வரி. ராசா வலது கையால்தானே சாப்பிடுகிறார், கையைப் பற்றி ஏன் உளறுகிறாய் என்று எத்தனை இரவு திட்டியிருக்கிறார். வேறு எதிலும் அவர் பேச்சைத் தட்டாதவள், அந்த ஒரு வரியை மட்டும் விடவே மாட்டாள்.

அவர் தங்கையைப் பார்த்தார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மொத நாளு பின்னாடி இருந்தவங்கள்லாம் சிரிச்சிட்டாங்க, பெரியண்ணே. எங்க சின்னண்ணனப் பாத்துச் சிரிக்கிறாங்களேன்னு மனசு கேக்கல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரலியே."

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள் குகையம்மா. மடியில் வேர்க்கடலை. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"மொத நாளு நானும் இந்தப் பக்கந்தான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க, நான் சிரிக்கல" என்றாள். "அதுவரைக்கும் செவுத்தப் பாத்து உக்காந்துதான் சோறு திம்பேன். மறுநாளு எங்க லயத்து வீட்டு வாசல்ல எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டேன். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு அந்த வரிய மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். யாரும் கேக்கல."

செங்கமலம் திரும்பி அவளைப் பார்த்தாள். அடுத்து ராணி பேச வேண்டும். பேச்சு வராமல் திரையில் ராணி கொஞ்ச நேரம் வெறுமனே வாயை அசைத்தாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் ராசா மங்க ஆரம்பித்தார். முதலில் கிரீடம் போயிற்று, பிறகு மீசை. வெளிறிய துணி மட்டும் காற்றில் அசைந்தது.

"விளக்கப் பாருப்பா" என்று தாண்டவராயன் மெஷின்காரனுக்குக் குரல் கொடுத்தார்.

முன்பக்கத்தில் யாரும் சலசலக்கவில்லை. அங்கே கைதட்டல்கூடக் கேட்டது.

"விளக்குல ஒண்ணுமில்ல முதலாளி" என்றாள் குகையம்மா. "துணி காஞ்சிருச்சு. ஈரம் இருந்தாத்தான் படம் இந்தப் பக்கம் வரும். முன்னாடி இருக்கவங்களுக்குக் காஞ்ச துணி போதும்."

தாண்டவராயன் வாளியைப் பார்த்தார். எத்தனை தோட்டம், எத்தனை வாளி.

செங்கமலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். அவர் அவள் தோளில் கை வைத்து உட்கார்த்தினார். தானே எழுந்து போய் வாளியைப் பிடித்தார்.

அதன் பிடியில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

அண்ணனும் தம்பியும் இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொம்பு எங்கடா?"

"உங்க காலடியில இருக்கு, அண்ணே."

இரண்டு பேருமாக வாளியைத் திரையடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் சொம்பால் வீசினார். தம்பி இரண்டு கையாலும் அள்ளி இறைத்தார். பாதித் தண்ணீர் சட்டையில்தான் விழுந்தது. நனைந்த இடத்திலெல்லாம் படம் திரும்பி வந்தது. முதலில் ஒரு கண். அப்புறம் மையில் வரைந்த மீசை. கடைசியாக, கவலையோடு அண்ணனைத் தேடும் அந்த முகம்.

தாண்டவராயன் சொம்பைக் கீழே வைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வைத்திலிங்கமும் நின்றார்.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அதட்டியது.

"யாருங்க அது, ராசா மூஞ்சிய மறைக்கிறது? குனிங்க."

இரண்டு முதலாளிகளும் குனிந்தார்கள்.