தோணிக்கு அடியில்

தூத்துக்குடியில் உலகம்மை என்று ஓர் ஓவியர் இருந்தார். முன்பு உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றுதான் அவருக்குப் பட்டறை.

சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அவர் படங்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றில் ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில், கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத்தொடை. அப்புறம் வெறும் கோடுகள். அதற்கும் அப்புறம் ஆளுயரத்துக்கு ஒரே நீலம், வேறொன்றும் கிடையாது. பத்துப் பேர் வரைந்தது என்றால் நம்பலாம்.

அவரிடம் படிக்க வந்தவர் ஆசீர்வாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், குருவைவிட மூத்தவர். மனைவி சுகிர்தம் இறந்துபோனாள். அவள் முகத்தை வரைய வேண்டும், அதற்காகத்தான் வந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

“ஒரு படம் மாதிரி இன்னொண்ணு இல்லையே டீச்சர். இதுல எது நீங்க?”

உலகம்மை ஒரு காலி டப்பாவை நீட்டினார்.

“மிஞ்சுற பெயின்ட்டை இதுல போடுங்க. படம் சரியா வரலைன்னா அதையும் வழிச்சு இதுலயே போடுங்க. அடுத்த படத்துக்கு இதுதான் அடிப்பூச்சு.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“டப்பாவைக் கழுவிராதீங்க.”

கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார் ஆசீர்வாதம்.

சுகிர்தத்தின் முகம் வரவில்லை. மூக்கு வந்தால் கண் வராது. கண் வந்தால் அது வேறு யாரோ. ஒவ்வொரு தடவையும் கத்தியால் வழித்து டப்பாவில் போட்டார். கன்னம் போயிற்று, நரைத்த வகிடு போயிற்று, அவள் கட்டும் ஊதாச் சேலையும் போயிற்று. டப்பா நிறைந்தது. பார்த்தால் சகதி.

ஒருநாள், வந்த ஆத்திரத்தில் அந்தச் சகதியைப் படம் வரையும் புதுத் துணி ஒன்றில் அப்பினார். காய்ந்ததும் மேலே ஒரு தோணி வரைந்தார். ஆயுசு பூராவும் கிரேனிலிருந்து பார்த்த தோணி. ஒரே மூச்சில் வந்துவிட்டது.

மதுரையிலிருந்து கண்காட்சி நடத்துகிறவர் ஒருவர் வந்தார். உலகம்மையின் படங்களை நடந்தபடியே பார்த்தார். ஆசீர்வாதத்தின் தோணி முன்னால் நின்றார்.

“இதே மாதிரி ஒரு சுவர் நிறையக் குடுங்க. தை மாசம் வச்சிருவோம். தோணி மட்டும் போதும். இந்த அம்மா மாதிரி கண்டதையும் வரைஞ்சா யாருக்கும் பேர் நிக்காது.”

ஆசீர்வாதத்துக்கு இடது கண் ஏற்கெனவே மங்கல். வலதும் அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு சுவர். ஒன்றே ஒன்று போதும்.

முகம் வரைவதை அன்றோடு விட்டார். அடிப்பூச்சுக்குக் கடையில் வெள்ளை வாங்கினார். பழைய டப்பாவை மூலையில் தள்ளினார்.

“சுத்தமா ஆரம்பிக்கேன் டீச்சர்.”

“ஆரம்பிங்க.”

பாய்மரம் சரி. கயிறு சரி. நிழல்கூடச் சரி. தோணி மட்டும் மிதக்கவில்லை. காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டினாற்போல் இருந்தது. இன்னொன்று வரைந்தார். அதுவும் அப்படியே. மார்கழி பிறந்தது. விடியுமுன் வந்தார். இருட்டும்வரை வரைந்தார். விடவில்லை.

உலகம்மை அந்தப் பக்கம் போகையில் பார்ப்பார். பிறகு தன் படத்துக்குப் போவார்.

கடைசியில் ஆசீர்வாதம் தூரிகையை எறிந்தார்.

“பாத்துக்கிட்டேதானே இருக்கீங்க? வாயைத் திறந்தா என்ன?”

“கேட்டாத்தானே அண்ணாச்சி? கிரேன்ல இருந்து இன்னும் இறங்கலையே நீங்க, கீழ இருந்து சொன்னா காதுல விழுமா?”

“சரி, இறங்கிட்டேன். சொல்லுங்க.”

உலகம்மை முதல் தோணியை எடுத்துவந்தார். கத்தி முனையால் தண்ணீரின் ஓரத்தைச் சுரண்டினார்.

“ஐயையோ, டீச்சர்!”

நீலம் உதிர்ந்தது. அடியில் சகதி. சுரண்டாத இடத்திலும் அது தெரிவதை ஆசீர்வாதம் அப்போதுதான் பார்த்தார். அலைக்கும் அலைக்கும் நடுவில் இருந்தது. பாயின் கிழிசலில் இருந்தது. தோணியின் வயிற்றுக்கு அடியில் அதுதான் இருந்தது.

“இது எதுலேருந்து வந்தது?”

ஆசீர்வாதம் அந்தச் சகதியை விரலால் தொட்டார்.

“சுகிர்தம்.”

உலகம்மை மூலைக்குப் போய்ப் பழைய டப்பாவைத் தூக்கி வந்தார். மூடியை நெம்பித் திறந்தார். ஒன்றுமில்லை, அடியில் காய்ந்து வெடித்த பொருக்குதான்.

“தை பிறக்கப் போகுது டீச்சர். முகம் எனக்கு வராது. வராதுன்னு தெரிஞ்சுதான் விட்டேன். கண்ணு வேற…”

“தெரியும்.”

“வராததை வரைஞ்சுக்கிட்டிருந்தா சுவர் எப்படி நிறையும்?”

உலகம்மை அவர் முன்னால் ஒரு புதுத் துணியை நிறுத்தினார். டப்பாவைக் காலடியில் வைத்தார். கத்தியை அவர் கையில் கொடுத்தார்.

“தோணி இருக்கட்டும், டப்பா நிறையட்டும். உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல மதினி முகத்தைக் கெடுங்க.”