விளக்குக்காரன் திரும்பும் வரை

"இவரு ஸ்டேஷனுக்குப் போன காலமே தேவல மதினி. இப்போ என் வீட்டுல நானே திருடி மாதிரி நடக்கேன். பேசாம தங்கச்சி வீட்டோட போய் இருந்திரலாம்னு பாக்கேன்."

மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த மாசானமுத்து பாதியில் நின்றார். பக்கத்து வீட்டு மதினியிடம் பேசிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி செண்பகவல்லி.

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டைத்தான் காவல் காத்துவந்தார். போனில் யாரு, அடுப்பு கேஸை மூடினியா, எங்க கிளம்பிட்ட, எப்ப வருவ என்று ஓயாத விசாரணை.

இதில் என்ன குற்றம் என்று படியிலேயே நின்று விசாரித்தார். தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார். பார்ப்பது குற்றமில்லை. பார்ப்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுதான் குற்றம்.

தெருக்கோடியில் பெனாசிர் வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். கல்லூரி முடித்த பெண். நிஞ்ஜா என்கிற ஜப்பானிய ஒற்றன் பதுங்கிப் போகிற பழைய கேம் ஒன்றில், ஒரு காவலாளி கண்ணிலும் படாமல் கோட்டைக்குள் போய்த் திரும்பிவிடுவாள். அதனால் கடைக்கு வருகிறவர்கள் அவளைக் குரு என்றே கூப்பிட்டார்கள். குரு அதிகம் பேச மாட்டாள். மாசானமுத்து அவளிடம் போய் நின்றார்.

"தாயி, கண்ணுல படாம நிக்கணும். சத்தம் வராம நடக்கணும். சொல்லித் தருவியா?"

"எதுக்கு ஏட்டையா?"

"வீட்டு விஷயம்."

பெனாசிர் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தாள்.

திரையில் ஒரு கோட்டை. கறுப்புத் துணி கட்டிய நிஞ்ஜா மதில்மேல் பதுங்கியிருந்தான். கீழே லாந்தர் விளக்கும் கையுமாக ஒரு காவலாளி தூங்கி வழிந்தான்.

மாசானமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது.

"டியூட்டியில தூங்குதான் பாரு, மூதேவி!"

நிஞ்ஜா காவலாளியின் முன்னால் குதித்தான். செத்தான்.

"எதுக்குக் குதிச்சீங்க?"

"எழுப்ப வேண்டாமா?"

மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை உள்வாசல் வரை போய்விட்டார்.

"கதவத் தொறந்து போட்டுட்டு எங்கயோ போயிருக்கான் பாரு!"

நிஞ்ஜா திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். சத்தம் கேட்டுக் கோட்டையே ஓடிவந்தது.

"ஏட்டையா, அவனுக்கு ஒரு மெமோ குடுங்க," என்றது பின்னால் காத்திருந்தவர்களில் ஒரு குரல்.

"நீங்க எந்தக் கட்சி ஏட்டையா?" என்றாள் பெனாசிர்.

"சட்டத்தோட கட்சி."

"நாளைக்கு வாங்க."

அவர் விடாமல் வந்தார். செத்துச் செத்துப் பழகினார்.

ஒருநாள் சாயங்காலம் அவருடைய நிஞ்ஜா நெல் கிடங்கு வரைக்கும் போய்ச் சேர்ந்து, ஒரு பெரிய ஜாடிக்குப் பின்னால் குந்தினான். அப்போது இன்னொரு விளக்குக்காரன் உள்ளே வந்தான்.

இவன் தூங்குகிறவன் இல்லை. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் பார்த்தான். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான். போனான். உடனே திரும்பி வந்து அதே தாழ்ப்பாளை மறுபடி ஆட்டினான்.

"இவன் வேல தெரிஞ்சவன்," என்று மெச்சிக்கொண்டார் மாசானமுத்து.

விளக்கு வந்தது. போனது. வந்தது.

ஸ்டூலில் அவருடைய தோள் குறுகிவிட்டது.

"போவானா மாட்டானா இவன்?"

"மாட்டான்."

"அங்கன என்ன கொட்டிக் கிடக்குன்னு இந்தப் பார்வை பாக்கான்? வெறும் நெல்லு மூட்ட!"

"அவன் டியூட்டி ஏட்டையா."

"டியூட்டின்னா? ஒரு மனுஷி மூச்சு விட வேண்டாமா?"

பெனாசிர் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"நிஞ்ஜா ஆம்பள ஏட்டையா."

விளக்கு இன்னும் இரண்டு தரம் ஜாடியைக் கடந்து போனது.

"இவனத் திருப்பி அனுப்ப எந்தப் பொத்தான் தாயி?"

"அப்படி ஒரு பொத்தான் கிடையாது. உங்க கையில இருக்கறது நிஞ்ஜா மட்டும்தான். விளக்குக்காரன் அவனாத் திரும்பினாத்தான் உண்டு."

மாசானமுத்து ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் கட்டில்மேல் ஒரு பை பாதி நிறைந்திருந்தது. நாலைந்து சேலைகள், ஒரு துண்டு. அடுப்படியில் செண்பகவல்லி தங்கச்சியோடு போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய நிழல் நிலைப்படியில் விழுந்ததும் பேச்சு நின்றது.

"ராங் நம்பர்," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

மாசானமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "நான் மார்க்கெட் வரைக்கும் போறேன். வர நேரமாகும்," என்றார்.

செருப்பைத் தரையில் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டார். வாசல் கதவைப் படாரென்று சாத்தினார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருமிக்கொண்டே போனார்.