கச்சானில் விட்ட வலை

புன்னைத்துறையில் கஸ்பார் தண்டலிடம் தொழில் படித்தவர்கள் பலர். கடைசிவரை விட்டுப் போகாதவன் சந்தியாகு ஒருவன்தான்.

தண்டல் என்றால் தோணியின் தலைவர். பாய்த்தோணி ஓடிய காலத்தில் கஸ்பார் தூத்துக்குடியில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வருவார். தோணிக்கு இஞ்சின் வைத்த அன்று இறங்கி வந்துவிட்டார். "இனி இதுக்கு நான் எதுக்கு?" என்றார். பழைய பாயை மட்டும் எடுத்துவந்து வாசலில் நிழலுக்குக் கட்டினார்.

சந்தியாகுவுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனாலும் சிக்கல் என்றால் அந்தப் பாய்க்கு அடியில்தான் வந்து உட்காருவான்.

அன்றும் வந்தான்.

"காத்தாடி கைய விட்டுப் போயிரும் போல இருக்கு, தண்டல்."

தண்டல் தூண்டில் முள்ளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் காத்தாடி?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க."

ஊருக்கே தெரியும். மணல்மேட்டில் ஊர்ச் சொந்தமாக ஒரு காற்றாலை நிறுத்த வேண்டும் என்று நாலு வருஷமாக அலைகிறவன் அவன். புன்னைத்துறையில் கரண்டு வந்தால் உண்டு, போனால் போனதுதான். ஐஸ் கிடையாது. பிடித்த மீன் உச்சிப்பொழுதுக்குள் வியாபாரி சொன்ன விலைக்குப் போய்விடும். காற்றாலை வந்தால் ஐஸ் அறை ஓடும். குழாயில் நல்ல தண்ணீர் வரும். வங்கி சரி என்றுவிட்டது. ஊர்தான் சரி என்று சொல்லவில்லை.

மணல்மேடு இரண்டு தெருவுக்கும் பொது. கடற்கரைத் தெரு எப்படியோ பங்குப் பணம் கட்டிவிட்டது. உப்பளத் தெருவில் கட்ட வழியில்லை. போன வாரக் கூட்டத்தில், "அஸ்திவாரம் நாங்க தோண்டுறோம், காவல் நாங்க இருக்கோம், எங்களையும் சேத்துக்கிடுங்க" என்று கேட்டார்கள். அப்போதுதான் கரைவலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி இஞ்ஞாசி எழுந்தான்.

"உப்பு வாருற கை. தொட்டா கயிறே அரிச்சிரும். காத்தாடி மிஞ்சுமா?"

கடற்கரைத் தெரு சிரித்தது. உப்பளத் தெரு எழுந்து போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு தெருவும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வெளியூர்க் கம்பெனி மேட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். காற்றாலை அப்போதும் வரும். ஊருக்கு அதன் நிழல் மட்டும் கிடைக்கும்.

"பாய் இருந்தப்ப காத்து நமக்கு வேலை பாத்துச்சு, தண்டல். பாய இறக்கினதுக்கு அப்புறம் சும்மா வந்துட்டுச் சும்மா போகுது. மனசு கேக்கல."

தண்டல் முள்ளை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"அது சுத்தினா சத்தம் கேக்குமா?"

"கேக்கும்."

"பாய் நிறையிற சத்தம் மாதிரியா?"

சந்தியாகு யோசித்தான். நடுக்கடலில் காற்று விழுந்து, தோணி அசையாமல் கிடந்து, பேச்சும் ஓய்ந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, எங்கிருந்தோ காற்று வந்து பாய் ஒரே ஒரு தடவை 'தப்' என்று அறையும். அந்தச் சத்தம். அதைக் கேட்டால் தண்டல் சிரிப்பார். பாயை இறக்கிய பிறகு அவர் சிரித்ததை அவன் பார்த்ததில்லை.

"இல்ல, தண்டல்."

"போகட்டும்."

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. உப்பளத் தெருவச் சேக்கணுமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும்."

தண்டல் எழுந்தார். கடலைப் பார்த்தார். பறவைகள் மீனுக்காக ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தன.

"சாளை வருது. காலையில இஞ்ஞாசிய வலை விடச் சொல்லு."

"நான் கேட்டது அது இல்லியே."

"காது கேக்குது எனக்கு."

"கச்சான் அடிக்குது, தண்டல். கச்சான்ல யாராவது கரைவலை விடுவாங்களா?"

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையிலிருந்து இழுக்கிற வலையை அது கடலுக்குள் இழுக்கும். இது சந்தியாகுவுக்குச் சொல்லிக் கொடுத்ததே தண்டல்தான்.

"விடச் சொல்லுன்னா சொல்லு. போ."

இஞ்ஞாசி முதலில் மறுத்தான். அது அவன் அப்பன் காலத்து வலை. போனால் இன்னொன்று கட்ட முடியாது. ஆனால் சாளை என்றதும் கண் விரிந்தது. மீன் விஷயத்தில் தண்டல் சொல் பொய்த்ததில்லை.

விடிந்ததும் வள்ளம் வலையோடு போய் அரைவட்டம் அடித்துத் திரும்பியது. இரண்டு கயிற்று முனையும் கரைக்கு வந்தன. கடற்கரைத் தெருவில் இருந்தவர்கள் பிடித்தார்கள். இளவட்டம் எல்லாம் வெளியூரில். பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு முட்டு வலி.

பாதி வலை வந்தது. பிறகு நின்றது.

நின்ற வலை மெல்லக் கடலுக்குள் போக ஆரம்பித்தது. வலையின் பையான மடியில் மீன் கனம். மேலே காற்று. எல்லாருடைய குதிகாலும் மணலை உழுதுகொண்டு போனது.

"விடாதீங்கலே! விடாதீங்க!" இஞ்ஞாசியின் குரல் கிழிந்தது.

கரையை ஒட்டிய வரப்பில் உப்பளத் தெரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நின்று பார்த்தார்கள். முன்னால் பேச்சித்தாய். யாரும் இறங்கவில்லை.

இஞ்ஞாசி தலையைத் திருப்பினான்.

"என்ன வேடிக்கை பாக்கிய? கையப் போடுங்க!"

பேச்சித்தாய் நிதானமாகக் கேட்டாள்.

"எங்க கை உப்புக் கையில்லா, சம்மாட்டி? கயிறு அரிச்சிருமே."

"ஏ தாயி, நேத்துச் சொன்னது நேத்து! வலை போகுது!"

"நேத்து எங்க, போன வாரம் சொன்னிய."

"சரி, போன வாரம்! கால்ல விழணுமா? கயித்த விட்டாத்தான விழ முடியும்!"

வரப்பில் யாரோ சிரித்தார்கள். பேச்சித்தாய் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். அவள் இறங்க, பின்னால் எல்லாரும் இறங்கினார்கள்.

கயிற்றில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. பேச்சித்தாய்க்கு முன்னால் இஞ்ஞாசி. அவள் மூச்சு அவன் பிடரியில் பட்டது. "ஏலேலோ" என்று ஒருவன் எடுத்தான். எத்தனையோ வருஷமாக அந்தக் கரையில் கேட்காத அளவுக்குப் பதில் குரல் எழுந்தது. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

தண்டல் மேட்டில் உட்கார்ந்திருந்தார். கயிறு பக்கம் வரவே இல்லை.

வலை வந்தது. மடி முழுக்கச் சாளை. கரை வெள்ளையாகிவிட்டது.

புன்னைத்துறையில் ஒரு வழக்கம். வலைக்காரனுக்கு உள்ளதை முதலில் ஒதுக்கிவிடுவார்கள். மிச்சத்தை, கயிறு தொட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை கூறாக மணலில் வைப்பார்கள். ஏன் வந்தாய், எப்போது வந்தாய் என்று யாரையும் கேட்பதில்லை. பெரியவர் ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்பார். பின்னால் ஒருவன் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். அவர் பார்க்காமலே பேர் சொல்வார்.

தண்டல் காற்றைப் பார்த்து நின்றார். இஞ்ஞாசியே குனிந்து தொட்டான்.

"இது யாருக்கு?"

"பேச்சித்தாய்."

"இது?"

"சந்தியாகு."

"இது?"

"சுடலைக்கண்ணு. உப்பளத் தெரு."

"தெரு எதுக்கு? பேரச் சொல்லும், போதும்" என்றான் இஞ்ஞாசி. வேலை மும்முரத்தில் சொன்னான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

தண்டல் திரும்பவில்லை. அடுத்த பேரைச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் சந்தியாகு தன் கூறிலிருந்து இரண்டு கை அள்ளி நீட்டினான்.

"தண்டலுக்கு?"

"நான் கயிறு தொட்டேனா?"

"நீங்க சொல்லித்தான வலையே..."

"தொட்டேனா?"

சந்தியாகு மீனைத் திரும்பப் போட்டான்.

பொழுது சாயும்போது இருவரும் மணல்மேட்டில் இருந்தார்கள். கச்சான் இன்னும் ஓயவில்லை. காற்றாலைக்கு என்று ஊன்றிய அடையாளக் கம்பு காற்றில் ஆடியது. கீழே இரண்டு தெருவிலும் சாளை வறுக்கிற வாசம்.

சந்தியாகுவின் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. இளவயதில் பாய்க்கயிறு அறுத்த அதே இடம். எரிந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

"நாளைக்குக் கூட்டம், தண்டல்."

"ம்."

"இஞ்ஞாசி லேசுல விடமாட்டான். மீன் வேற, காத்தாடி வேறன்னு சொல்லுவான். காசு போடாதவனுக்குப் பங்கு எதுக்குன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்ல?"

தண்டல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இறங்க ஆரம்பித்தார்.

"பதில் எதுக்குச் சொல்லுத? அவங்கிட்டக் கேளு."

"என்னன்னு?"

"கயிறு கையில இருக்கும்போது இத ஏன் கேக்கலைன்னு."